மோட்டார் ரூம் சுவரில் ஒரு கோடு

சாஸ்கட்டூன், கனடா
2 செப்டம்பர் 2024

தேவா அண்ணாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் தங்கை இறங்கி வந்துவிட்டாள் என்று துள்ளிக் குதிக்காதே. உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதைக் காகிதத்தில் எழுதி, படம் எடுத்து, அம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். அம்மா உன்னிடம் காட்டுவாள். அதற்குள் இரண்டு முறை தானே படித்துவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா, போதும், அவனிடம் கொடு.

நீ மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். போன தை மாதம் உன் மருமகள் பொன்னிக்குக் காதுகுத்த நாங்கள் ஊருக்கு வந்திருந்தோம். காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் கூட்டாளிகளும் நெமிலிச்சேரி ஏரிக்கு விரால் பிடிக்கக் கிளம்பினீர்கள். நானும் வருகிறேன் என்றேன். அத்தனை பேர் நடுவில் நீ சொன்னாய்: "நீ வராத. பொம்பளைங்க காலடி பட்டா விரால் சிக்காது." உன் சிநேகிதன் முனியன் பல்லை இளித்துக்கொண்டு, "இன்னா வித்யா, நீ ஊட்ல மசாலா அரைச்சி வை, நாங்க மீனோட வரோம்" என்றான். நீயும் சேர்ந்து சிரித்தாய். முனியன் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது இன்றைக்கும் மாறவில்லை. பிடித்த மீனின் நீளத்துக்கு நீங்கள் கோடு போடுகிற ஏரிக்கரை மோட்டார் ரூம் சுவரில், உன் கோட்டுக்கு மேலே என் கோடு விழுகிற வரைக்கும் உன்னோடு எனக்குப் பேச்சில்லை. காதுகுத்து நின்றது. விமானம் ஏறினேன். பொன்னிக்கு மூன்று வயது ஆகப்போகிறது, காது இன்னும் மூளியாக இருக்கிறது.

இப்போது தகவல் மட்டும் சொல்கிறேன். இங்கே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. அலுவலகத்து ஆட்கள் நாலைந்து பேர் வடக்கே ஒரு ஏரிக்குப் போகிறார்கள். நானும் உன் மச்சான் நிர்மலும் பொன்னியோடு போகிறோம். அங்கே நார்தர்ன் பைக் என்று ஒரு மீன். நீளமான பச்சை உடம்பு, வாத்து மூக்கு மாதிரி வாய், வாய் நிறையப் பல். விரால் மாதிரியே களைக்குள் அசையாமல் நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். தவளையும் தின்னும். உன் விரால் இரண்டரை அடிதானே? இங்கே மூன்றரை அடி சர்வசாதாரணமாம். கடையில் ரப்பர் தவளை ஒன்று வாங்கிவிட்டேன்.

உன்னிடம் யோசனை கேட்பதற்காக எழுதவில்லை. பிறகு சொல்லவில்லையே என்று நீ சொல்லக் கூடாது, அதற்காக.

வித்யா


பட்டாபிராம்
5 செப்டம்பர் 2024

வித்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்ன, அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது செய்தி வாசிக்கிற மாதிரி முழுக்கப் படித்துக் காட்டினாள். "முனியன் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை" என்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். உன் அண்ணி ஷோபனா எனக்கு ரசம் ஊற்றவே இல்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு என் வீட்டில் கட்சி கட்டுகிறாய்.

போட்டிக்கு வருகிறவள் விதிமுறையைப் படித்துவிட்டு வர வேண்டும். மீனை மோட்டார் ரூம் சுவரை ஒட்டி, வால் தரையில் பட நிறுத்த வேண்டும். மூக்கு எட்டுகிற இடத்தில் செங்கல் துண்டால் கோடு போட வேண்டும். வெளியாள் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். வீட்டு ஆள் சாட்சி செல்லாது. தன் மச்சானைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கிருபாகரன் ஒருமுறை புளுகினானே, அதற்குப் பிறகு நானே போட்ட சட்டம் இது. சுவர் நெமிலிச்சேரியில் இருக்கிறது. மீன் கனடாவில் இருக்கிறது. மூன்றரை அடி மீனை எப்படிக் கொண்டுவருவாய்? பெட்டியில் மடித்து வைத்தா? மீனம்பாக்கத்தில் இறங்குவதற்குள் விமானத்தில் இருந்தே உன்னை இறக்கிவிட்டுவிடுவார்கள்.

ஆறு வருடமாக அந்தச் சுவரில் என் கோடுதான் உச்சியில் இருக்கிறது. ஆவடியில் இருந்து திருநின்றவூர் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். அதைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இருந்தாலும் என் தங்கை அந்நிய மண்ணில் வெறும் கையோடு திரும்பி வந்தாள் என்று பேர் வரக் கூடாது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆழத்தில் போடாதே. பெரிய மீன் முழங்கால் தண்ணீரில்தான் இருக்கும், களை ஓரமாக. முதலில் தூண்டிலைத் தொடாதே. உட்கார்ந்து தண்ணீரைப் பார். மூச்சு வாங்க மேலே வரும். ஒரு குமிழ், ஒரு சின்னச் சுழி. அதற்கு ஒரு முழம் தள்ளித் தவளையைப் போடு. கடித்ததும் பதறிப்போய் இழுத்துவிடாதே. தூண்டில் நரம்பை விட்டுக் கொடு, நன்றாக வாய்க்குள் வாங்கட்டும். பிறகு இழு. இந்த வித்தையை நான் முனியனுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை.

பொன்னி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்.

தேவா


சாஸ்கட்டூன்
16 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

மிக்க நன்றி. உன்னால் என் மானம் கப்பல் ஏறிவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததில் இருந்து ஒரு சின்ன வளைகுடாவின் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் படகில் போனார்கள், வந்தார்கள், சாப்பிட்டார்கள், மறுபடி போனார்கள். நான் அசையவில்லை. மதியத்துக்கு மேல் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். மீன் மூச்சு வாங்க மேலே வரும், அதற்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த மீன் மேலே வந்து மூச்சு வாங்காதாம், அண்ணா! தண்ணீருக்குள்ளேயே செவுளால் சுவாசிக்குமாம். மேலே வந்து மூச்சு வாங்குவது உன் விராலுக்கு உள்ள பழக்கம். சாயங்காலத்துக்குள் நான் குமிழுக்காகக் காத்திருந்த கதை முகாம் முழுக்கப் பரவிவிட்டது. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வாயை மீன் மாதிரித் திறந்து திறந்து மூடிக் காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குமிழைப் பார்க்காமலே தவளையைப் போட்டேன். கடித்தது! அண்ணா, அந்த இழுப்பு தோள் வரைக்கும் வந்தது. நான் என்ன செய்தேன்? என் அண்ணன் சொன்னானே என்று நரம்பை விட்டுக் கொடுத்தேன். வாய்க்குள் வாங்கட்டும் என்று நின்றேன். அது வாங்கியது, தவளையோடு சேர்த்து நரம்பையும் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பைக் என்றால் கடித்த உடனே இழுக்க வேண்டும். தூண்டில் முள்ளுக்கு மேலே இரும்புக் கம்பி கட்ட வேண்டும். இது இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

உன் கோடு தப்பிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாயா?

பொன்னி நன்றாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல். அம்மா அனுப்பிய படத்தில் நீ விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் அல்லவா, அதைப் பார்த்துப் பார்த்து எந்த மீனைக் கண்டாலும் "மாமா, மாமா" என்கிறாள். கடையில் ஐஸில் வைத்த மீனுக்குக்கூட டாட்டா காட்டுகிறாள். அவளுக்கு மாமன் என்றால் மீன். அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. வருகிற தை மாதம் வருகிறோம். காதுகுத்து இனியும் தள்ளிப் போகக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், ஆனால் மாமன் ஒருவன்தான் என்று சட்டம் இல்லை. பூந்தமல்லியில் பெரியப்பா மகன் இராமகிருஷ்ணன் இருக்கிறார். அவரும் எனக்கு அண்ணன்தான். அவர் யாரையும் மசாலா அரைக்கச் சொல்ல மாட்டார்.

வித்யா


பட்டாபிராம்
29 செப்டம்பர் 2024

வித்யாவுக்கு,

பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன். அம்மா தினமும் காகிதத்தையும் பேனாவையும் என் டிபன் பாக்ஸ் பையில் வைத்து அனுப்பினாள். மண்ணூர்பேட்டையில் டீ குடிக்கிற நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். மறுபடி மடித்து வைத்துவிடுவேன். கம்பெனியில் பையன்கள் நான் காதல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேனா? நானா? என்னைக் கஞ்சன் என்று சொல், முன்கோபி என்று சொல், வாய்க்கொழுப்பு என்று சொல், வாங்கிக்கொள்கிறேன். தூண்டில் விஷயத்தில் பொய் சொன்னேன் என்று சொல்லாதே. எனக்குத் தெரிந்த மீனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேலே வந்து நாலு பேருக்கு முகம் காட்டி மூச்சு வாங்கத் தெரியாததெல்லாம் ஒரு மீனா? அதைப் பிடிக்க நீ கிளம்பியதுதான் தப்பு.

சொன்னதில் மூச்சு தப்பு, நரம்பு தப்பு. ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் தண்ணீர் என்று சொன்னது தப்பு இல்லை. வேலை முடிந்து வந்து ஒரு வாரம் உன் ஊர் மீனைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். பாதிக்குமேல் அவர்கள் பேசுவது புரியவில்லை. தண்ணீர் குளிர்கிற காலத்தில் பெருசுகள் கரையோரம்தான் வருகின்றன, அது மட்டும் கண்ணால் பார்த்தாலே புரிந்தது.

இராமகிருஷ்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் நல்லவன். அவன் மடி நல்ல மடியாகவே இருக்கட்டும். நான் அழைக்காத இடத்துக்கு வருகிறவன் இல்லை, உன் வாசலில் வந்து நிற்க மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். பொன்னிக்கு மாமன் வீட்டுக் கம்மல் போன தை மாதமே வாங்கியாகிவிட்டது. சின்னச் சிவப்புக் கல், நடுவில் முத்து. நீ விமானம் ஏறிய அன்றைக்கு ஷோபனா அதை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு முறை பீரோவைத் திறக்கும்போதும் எனக்கு அது தெரிகிறது. அதை இராமகிருஷ்ணனிடம் கொடுத்தனுப்ப வேண்டுமா, சொல்.

தேவா


சாஸ்கட்டூன்
6 அக்டோபர் 2024

அண்ணா,

கம்மல் வாங்கி வைத்தது எனக்குத் தெரியாது. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத நம் அம்மா இதை மட்டும் எப்படி ஒளித்தாள்?

யாரிடமும் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். இராமகிருஷ்ணன் அண்ணாவுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை. செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

என் சபதம் என் சபதம்தான். நீ மட்டும்தான் ரோஷக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவர்கள்.

இந்த மாதக் கடைசியில் இன்னொரு முறை போகிறோம். அதற்குப் பிறகு ஏரி உறைந்துவிடும், அடுத்த வருடம்வரை ஒன்றும் செய்ய முடியாது. இரும்புக் கம்பி வாங்கிவிட்டேன். இன்னொரு தவளை வாங்கிவிட்டேன். இடுப்புவரை ஏறுகிற ரப்பர் கால்சட்டை ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் தினமும் தவளையை வீசிப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நீ சொன்ன எதையும் இந்த முறை கேட்கப்போவதில்லை. முழங்கால் தண்ணீர் என்றாயே, அது ஒன்றைத் தவிர.

வித்யா


பட்டாபிராம்
18 அக்டோபர் 2024

வித்யாவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் முழங்கால் தண்ணீர். நீ சொல்கிற ரப்பர் கால்சட்டை எனக்குத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் நடந்தது. அம்மா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முதல் மழை பெய்து ஏரியில் புதுத்தண்ணீர் இறங்கியதும் விரால் கரைக்கு ஏறும். ஞாயிறு காலை கிளம்பிக்கொண்டிருந்தேன். உன் அண்ணி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டி பக்கத்தில் வந்து நின்றாள். "எங்க?" என்றேன். "ஏரிக்கு. என் காலடி பட்டா இன்னா ஆவுதுன்னு பாக்கணும்" என்றாள். வாசலில் நின்ற அம்மா கேட்டைத் திறந்துவிட்டாள். இது எல்லாம் உன் கடிதம் செய்கிற வேலை.

ஏரிக்கரையில் முனியனுக்குக் கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. "இன்னா அண்ணாத்தே, அண்ணிய இட்டுகினு வந்துகீற? இன்னிக்கி மீன் சிக்கினாப்பலதான்" என்றான். ஷோபனா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பழைய கம்பை எடுத்துக்கொண்டு ஆகாயத்தாமரை ஒதுங்கின மூலைக்குப் போனாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் வீட்டில் அளந்த கதைகளை எல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வித்யா, முதல் கடியிலேயே அடித்தாள் பார். நரம்பை விட்டுக் கொடுத்து, நின்று, நிதானமாக, பிறகு ஒரே வெட்டு. மீன் கரைக்கு வந்து விழுந்தபோது சேறு என் முகத்தில் தெறித்தது. சுவரில் நிறுத்தினோம். இரண்டடிக்கு ஒரு விரல்கடை குறைவு. முனியனுடைய கோட்டுக்கு மேலே! கோடு போடும்போது செங்கல் துண்டை அவளே பிடுங்கிக்கொண்டாள். சாட்சிக்கு முனியனும் கிருபாகரனும்.

வரும் வழியில் அந்த விராலை வண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டுமென்றே மார்க்கெட் தெருவைச் சுற்றி வந்தேன். யார் பிடித்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்காதவனுக்கும் வண்டியை நிறுத்திச் சொன்னேன், என் பெண்டாட்டி பிடித்தது என்று. குழம்பு வைத்தது நான். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அம்மா சொன்னாள். பொறாமை.

பெண்கள் வந்தால் மீன் சிக்காது என்று யாரோ ஒருவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் உனக்கு எழுதுகிறேன்.

குளிரில் தண்ணீருக்குள் ரொம்ப நேரம் நிற்காதே. இதுவும் அம்மா சொல்லச் சொன்னது.

தேவா


சாஸ்கட்டூன்
28 அக்டோபர் 2024

அண்ணா,

அண்ணிக்கு என் முத்தம். முனியனின் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கக் கூடாதா?

இனி என் கதை. பொறுமையாகப் படி. அம்மா, நீயும்தான்.

சனிக்கிழமை காலை ஏரி ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது. மற்றவர்கள் படகில் ஆழத்துக்குப் போனார்கள். அந்தக் குளிரில் பொன்னியைப் படகில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை, அதனால் கரையிலேயே தங்கிவிட்டேன். போன முறை குமிழுக்காக உட்கார்ந்திருந்தேனே, அதே வளைகுடா. ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே. நிர்மல் கரையில் பொன்னியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

களை எல்லாம் பழுப்பாகிச் சாய்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் மட்டும், நம் வீட்டு ஹால் அளவுக்கு, இன்னும் பச்சையாக நின்றது. குளிரில் பொடிமீனுக்கு ஒளிய வேறு எங்கே இடம் இருக்கும் என்று யோசித்தேன். பொடிமீன் அங்கே இருந்தால் அதைத் தின்கிறதும் அங்கேதானே இருக்கும்? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அண்ணா. நானே பார்த்தேன், நானே யோசித்தேன். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தவளையைப் பச்சைக்கு அப்பால் வீசி, மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். தூண்டில் வளையங்களில் தண்ணீர் உறைந்து உறைந்து அடைத்தது. விரலால் உடைத்து உடைத்துவிட்டேன். எத்தனை வீச்சு என்று கணக்கில்லை. கை மரத்துப்போனது. போதும், கரைக்கு ஏறிவிடலாம் என்று நினைத்தபோது பச்சைக்குள் ஒரு நடுக்கம். காற்று இல்லை, களை மட்டும் ஆடியது. பிறகு தண்ணீர் மேலே ஒரு கோடு கிழித்துக்கொண்டு என் தவளையை நோக்கி வந்தது. முழங்கால் தண்ணீரில் அதற்கு முதுகை மறைக்கக்கூட ஆழம் போதவில்லை. அடித்தது. அடித்த அந்த நொடியே இழுத்தேன். நரம்பை விட்டுக் கொடுக்கவில்லை. உன் பேச்சை மீறினேன்.

எவ்வளவு நேரம் போராடினேன் என்று கேட்காதே. இரண்டு முறை கரைக்கு வருகிற மாதிரி வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடியது. கடைசியில் களைத்துப்போய் என் கால் பக்கத்தில் வந்து சாய்ந்தது. உடம்பெல்லாம் பச்சை, அதில் மொச்சைக்கொட்டை அளவுக்கு வெளிறிய புள்ளிகள். தூண்டில் கம்பின் அடியை அதன் மூக்கோடு ஒட்டி வைத்து, வால் எட்டிய இடத்தில் நூல் கட்டினேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். மூன்றரை அடி. ஒரு விரல்கூடக் குறைவில்லை.

இனிமேல் சொல்வதைக் கேட்டு நீ சிரிப்பாய். நாங்கள் தங்கிய இடத்தில் பெரிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. முட்டை வைக்கிறவை அவைதானாம். அதனால் மீன் இல்லை. போன் நிர்மலின் சட்டைப்பையில்தான் இருந்தது, குளிரில் செத்துப்போயிருந்தது. அவர் அதை ஊதுகிறார், உள்ளங்கையில் தேய்க்கிறார், அக்குளில் வைக்கிறார், உயிர் வரவில்லை. அதனால் படமும் இல்லை. படகுக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அதனால் வெளியாள் சாட்சியும் இல்லை. நிர்மல் பார்த்தார், அவர் வீட்டு ஆள், செல்லாது. பொன்னி பார்த்தாள். தோளில் உட்கார்ந்துகொண்டு, ஏரி முழுக்கக் கேட்கும்படி "மாமா! மாமா!" என்று கத்தினாள்.

அதன் வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் நிறுத்திக்கொண்டிருந்தேன். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. பொன்னி இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று என் கையில் ஒரு உதறல், முகமெல்லாம் தண்ணீர், மீன் இல்லை. அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடித்தபோது வரவில்லை, விட்டபோது வந்தது. நிர்மல் குளிரில் அழுகிறேன் என்று நினைத்துக் கம்பளி கொண்டுவந்தார்.

சபதத்தில் ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏரி இப்போது உறைந்துகொண்டிருக்கும். என்னிடம் இருப்பது கம்பில் கட்டிய ஒரு நூலும் என் வாய்ச்சொல்லும்தான். உன் சட்டப்படி இது மீனே இல்லை. நீ அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பொய்யாக ஒரு கோடு போடு என்றும் கேட்க மாட்டேன். கெஞ்சி வாங்குகிற கோடு எனக்கு வேண்டாம்.

வித்யா


பட்டாபிராம்
3 நவம்பர் 2024

என் அருமை வித்யாவுக்கு,

தீபாவளி அன்று காலையில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மா உன் கடிதத்தைப் படித்தாள். மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "உக்கார்றா, எண்ணெ ஒழுவுது" என்றாள் அம்மா. மீன் கையைவிட்டுப் போன இடத்தில் அம்மாவால் மேலே படிக்க முடியவில்லை. மீதியை ஷோபனா படித்தாள்.

உன்னை நம்புகிறேனா என்று கேட்கிறாயா? புளுகுகிறவனை எனக்குத் தெரியும். இருபது வருடமாக அவர்களோடுதான் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மீனைப் பிடித்தேன் என்று புளுகுவான், தப்பிவிட்டது என்று புளுகுவான். விட்டுவிட்டு அழுதேன் என்று எவனும் புளுகியதில்லை.

இன்றைக்கு ஏரிக்குப் போனேன். தூண்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுவர் அளக்க வாங்கின டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். முனியன், கிருபாகரன் எல்லாரும் இருந்தார்கள். தரையில் இருந்து மூன்றரை அடி அளந்தேன். நல்ல சிவப்பான செங்கல் துண்டாகப் பொறுக்கி எடுத்தேன். முனியன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா நைனா பண்ற? மீனு எங்க?"

"கனடால."

"மீனே இல்லாம கோடா? இன்னா ரூல்ஸ் இது? சாட்சி யாரு?"

"நான்."

"நீ பட்டாபிராம்ல கீற, மீனு கனடால கீது. நீ எங்கருந்து பாத்த?"

"பாத்தேன்டா. கைய எடு."

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, அவன் கையை எடுத்துவிட்டான். என் கோட்டுக்கு ஒரு அடி மேலே, சுவரின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் போட்டேன். யாரும் அழிக்க முடியாதபடி மூன்று முறை அழுத்திப் போட்டேன். பக்கத்தில் உன் பெயரை எழுதினேன். என் கோடு கீழே சின்னதாகத் தெரிந்தது. ஆறு வருடமாக அதைப் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன், இன்றைக்கு நிமிர்த்திய அளவுக்கு என்றைக்கும் நிமிர்த்தியதில்லை. முனியன் குனிந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "மாமே, இனிமே இத்த எவன் தாண்டுறது?" என்றான். என் தங்கைதான் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. பொன்னி ஏரியைப் பார்த்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள் என்று எழுதியிருந்தாயே? மருமகள் கூப்பிட்டால் மாமன் அங்கே இருப்பானா, மாட்டானா? இருந்தேன். பார்த்தேன்.

கம்மலை பீரோவில் இருந்து எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். நான் மடியைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கோடு மேலே விழுந்துவிட்டது, வித்யா. இனி நீ பேசலாம். போன் கையில்தான் இருக்கிறது.

உன் அண்ணன்,
பொன்னியின் மாமன்,
தேவா